பச்சையாகவே நின்ற திரை

விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. அனுமந்தன்பட்டியில் கிளம்பிய ஜீப் கம்பம்மெட்டு வளைவுகளில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பதினான்கு பெண்கள், முட்டியோடு முட்டி இடிக்க. மடியில் தூக்குவாளி, காலடியில் சாக்கில் சுற்றிய அரிவாள்கள். பின்சீட்டின் இடது ஓரம் மகாலட்சுமியின் இடம். பதினாறு நாளாக அங்கே யாரும் உட்காரவில்லை. இன்று அவள் தங்கை பவானி உட்கார்ந்திருந்தாள்.

தேனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், அக்காவின் நைந்த முழுக்கைச் சட்டையை மாட்டி, அக்காவின் அரிவாளோடு வந்து ஏறியபோது ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. பாதி மலையில் மொக்கம்மாள் மட்டும் ஒரு துணிமுடிச்சை நீட்டினாள். புகையிலைத் தூளும் உப்பும்.

"கால்ல நல்லாத் தேச்சுக்க ஆத்தா. படிச்ச கால்னு அட்டை விட்டுறாது."

யாரோ சிரித்தார்கள். பவானியும் சிரிக்கப் பார்த்தாள். சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் நெஞ்சில் உறுத்தியது.

ஆறரைக்குத் தோட்டத்தில் இறங்கினார்கள். மூடுபனி மரங்களின் இடுப்பு வரை நின்றது. ஏலச்செடியின் தூரில் குனிந்து, காய்ந்த சருகை ஒவ்வொன்றாக உரித்து இழுக்க வேண்டும். புதிதாய் முளைத்த இளந்தட்டை ஒடியக் கூடாது. தொட்ட இலையெல்லாம் பனித்தண்ணீரைக் கழுத்துக்குள் கொட்டியது. மூன்றாம் தூரிலேயே பவானியின் விரல் அறுபட்டது. பத்தாம் தூரில் இடுப்பு நிமிர மறுத்தது. பதினொரு வருஷம் அக்கா இதைச் செய்திருக்கிறாள். சாயங்காலம் வந்து, தங்கைக்குத் தோசை ஊற்றிவிட்டுத்தான் படுப்பாள்.

கோடைக் கடைசியில், மழை பிடிக்குமுன்னே, நிழல்மரங்களின் கொப்பைக் கழிப்பார்கள். மேலே ஆட்கள் மிஷின் ரம்பத்தோடு ஏறுவார்கள். கீழே பெண்கள் சருகு உரிப்பார்கள். ரம்பம் ஓடத் தொடங்கினால் எந்தச் சத்தமும் காதில் விழாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மரத்தில் ரம்பத்தை வைக்குமுன் ஒருவர் அந்தப் பக்கத்துப் பெண்களைப் பேர் பேராகக் கூவுவார். ஒவ்வொருத்தியும் தான் இருக்கும் இடத்திலிருந்து பதில் கூவுவாள். கடைசிப் பேருக்கும் பதில் வந்த பிறகுதான் ரம்பம் உறுமும். ஒரு பேருக்குப் பதில் இல்லையென்றால் தேடிப் போவார்கள்.

இதில் மரத்துக்குக் கால் மணி வீணாகிறது என்று முதலாளி தங்கபாண்டிக்குப் பட்டது. பவானி வேலை பார்த்த கம்பெனியில் ஒரு செயலி செய்யச் சொன்னார். பெண்கள் எந்தப் பிளாக்கில் நுழைகிறார்களோ அதை அவர்களின் மேஸ்திரி போனில் பதிவார். மரம் கழிக்கும் கங்காணியின் போன் அதை சர்வரில் கேட்டுக் காட்டும். ஆள் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. எழுதியது முழுக்கப் பவானி.

மகாலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. கூவலை விடமாட்டோம் என்று முதலில் முறைத்தவர்களிடம் அவள்தான் சொன்னாள்: "எதுக்குத்தா தொண்டையக் கிழிக்கணும்? என் தங்கச்சி செஞ்ச போனு. அது பாத்துக்கிரும்."

அவள் சொன்னதால்தான் விட்டார்கள்.

சர்வர் யாருக்கும் சும்மா பதில் சொல்லாது. உள்ளே நுழையும்போது ஒரு டோக்கன் கொடுக்கும். அதற்கு ஒரு மணி நேரம்தான் ஆயுசு. கூடவே அதைப் புதுப்பிக்க இன்னொரு டோக்கன். காலாவதியான டோக்கனோடு கேட்டால் சர்வர் மறுத்துவிடும். உடனே செயலி அந்த இரண்டாவதைக் காட்டி, புது ஜோடியை வாங்கி, அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். கையில் போன் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. பவானி அதை எழுதினாள். தேனி ஆபீசில் நூறு முறை சோதித்தாள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

தேனியில் எந்நேரமும் சிக்னல் இருக்கும். தோட்டத்தில் சிக்னல் ஒரே ஒரு பாறை மேல்தான். கங்காணி சுருளிராஜன் மணிக்கொரு தரம் அந்தப் பாறையில் ஏறுவார். ஏறியதும், அதுவரை காத்துக்கிடந்த இரண்டு கேள்விகள் ஒரே நொடியில் பாயும்: எந்தப் பிளாக்கில் ஆள், எத்தனை மரம் முடிந்தது. இரண்டும் மறுக்கப்படும். சில நேரம் இரண்டும் ஒரே புதுப்பிப்பு டோக்கனைத் தூக்கிக்கொண்டு ஓடும். அது ஒருமுறைதான் செல்லும். முதலில் போனதற்குப் புது ஜோடி கிடைக்கும். பின்னால் போனதைப் பார்த்து, யாரோ திருடி வந்திருக்கிறான் என்று சர்வர் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும்; பிறகு அந்தப் போனுக்குப் பதிலே கிடைக்காது. ஒன்று புதுப்பிக்கப் போனால் மற்றது காத்திருக்க வேண்டும் என்று பவானி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அப்போதும் திரை சிவந்திருந்தால் போதும், ரம்பம் நின்றிருக்கும். அது பச்சையாகவே நின்றது. அப்படி நிற்கும்படி எழுதியதும் அவள்தான்.

விபத்துக்கு ஒரு மாதம் முன்பு, தோசை ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நேத்து அந்தப் போனு ரொம்ப நேரம் பச்சையாவே நின்னுச்சாம்டி. சுருளி அண்ணன் ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாக."

பவானி தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுக்கா."

அக்கா அதை அப்படியே போய்ச் சொல்லியிருப்பாள், தங்கச்சி சொன்னாள் என்று.

விபத்தன்று காலை பத்து மணிக்குப் பெண்கள் ஆறாம் பிளாக்கிலிருந்து ஏழுக்கு மாறினார்கள். அவர்களின் மேஸ்திரி ஒழுங்காகப் பதிந்தார். பத்து இருபதுக்குச் சுருளிராஜன் பாறையில் ஏறிப் பார்த்தார். ஏழு பச்சை. கீழிறங்கி, மரத்திலிருந்த கர்ணனுக்குக் கை காட்டினார். கொப்பு முறிந்து விழும்போது மகாலட்சுமி குனிந்தபடிதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பவானி சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டு: இரண்டு புதுப்பிப்பு, ரத்து. பத்து இருபது: கேள்வி வந்தது, மறுக்கப்பட்டது. அதை அச்சடித்தாள்.

இன்று ஒன்பது மணிக்குத் தங்கபாண்டியின் வண்டி தோட்டத்தில் வந்து நின்றது. எல்லோரையும் கூப்பிட்டார். மரம் கழிக்கும் நாலு பேரும் வந்து தள்ளி நின்றார்கள். கர்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு," என்றார் தங்கபாண்டி. "சுருளிராஜன் போனப் பாக்காம மரத்த வெட்டச் சொல்லிட்டான். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிருக்கு. அவன நிப்பாட்டியாச்சு. மழைக்குப் பத்து நாளுதான் கெடக்கு. இன்னைக்கு ஏழாம் பிளாக்க முடிச்சிரணும்."

"சுருளி அண்ணன் பாத்தாக," என்றாள் பவானி.

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"அவுக பாத்தாக. பத்து இருபதுக்குப் பாத்தாக. இதுல இருக்கு. போனுதான் பொய் சொல்லுச்சு."

தங்கபாண்டி அப்போதுதான் அவளைக் கவனித்தார். "நீ எங்கனம்மா இங்க? எழவு வீட்டுப் பொண்ணு. மனசு சரியில்லாம என்னத்தையாச்சும் பேசாத. வீட்டுக்குப் போ."

பவானி அவரைப் பார்த்துப் பேசவில்லை. பெண்களைப் பார்த்துச் சொன்னாள். டோக்கன், ஒரு மணி நேரம், பாறை, ஒரே நேரத்தில் ஓடிய இரண்டு கேள்விகள். அவர்களுக்கு விளங்குகிற மாதிரிதான் சொன்னாள். வார்த்தைக்குப் பின்னால் ஒளியவில்லை. அக்கா தோசைக்கல் முன்னால் நின்று சொன்னதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னாள்.

திரிஷா என்கிற இளையவள் அழுகையும் ஆத்திரமுமாக, "அப்ப ஒங்கக்காவ நீயே..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றாள் பவானி.

"பாத்தீகளா?" தங்கபாண்டி கையை விரித்தார். "அவளே ஒத்துக்கிறா. இதுல எனக்கென்ன இருக்கு?"

பவானி போனை எடுத்து ஒரு குரல்பதிவை ஓடவிட்டாள். ஆறு மாதத்துக்கு முந்தையது. தங்கபாண்டியின் குரல்தான்: "செவப்பக் காட்டாதம்மா. அதப் பாத்தா இதுக வேலைய விட்டுட்டு உக்காந்துரும். தகவல் வரலையா, பழசே நிக்கட்டும்."

"இதுக்கு நானும் சரின்னேன்," என்றாள் பவானி.

மொக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "இதுகன்னா யாரு மொதலாளி? நாங்கதான?"

"பேச்சுவாக்குல சொன்னதப் பிடிச்சுக்கிட்டு... ஏம்மா, இப்ப அத சரி பண்ணியாச்சா, இல்லையா?"

"பண்ணிட்டேன். இனி ஒண்ணு புதுப்பிக்கப் போனா மத்தது நிக்கும். புதுப்பிக்க முடியலைன்னாலும், பாறையில ஏறாம ஒரு மணி நேரம் போச்சுன்னாலும், தெரை செவந்துரும்."

"அப்பறம் என்ன? வேலையப் பாருங்க!"

"போனு இருக்கட்டும்," என்றாள் மொக்கம்மாள். "கூவலும் வேணும். சுருளி இங்கன திரும்பி வரணும். போலீஸ்ல உள்ளத எழுதணும். இந்த மூணும் ஆகாம ஏழாம் பிளாக்குல ஒருத்தியும் எறங்க மாட்டா."

"எறங்காட்டி போங்க. நாளைக்கே வடக்க இருந்து லாரியில ஆளு எறக்குவேன். ஏலே கர்ணா, நீ ஏறு. ரம்பத்த எடு."

கர்ணன் ரம்பத்தை எடுத்தான். மூடியைத் திருகி, பெட்ரோலை அருகிலிருந்த கல்மேல் கவிழ்த்தான். அது வழிந்து முடிகிறவரை நின்றான்.

"அந்தக் கொப்ப வெட்டுன கை இது மொதலாளி," என்றான். "பதினாறு நாளா சோத்துல வைக்க முடியல. லாரியில வர்றவனும் மனுசன்தான? அவன்ட்டயும் சொல்லுவோம்."

மற்ற மூன்று பேரும் கயிறுகளைத் தோளிலிருந்து இறக்கினார்கள். பெண்கள் ஏழாம் பிளாக்குக்குப் போகும் வழியை மறித்து ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். பவானி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தனக்கு எங்கே இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏண்டி நட்டுக்குத்தா நிக்கிற?" என்றாள் மொக்கம்மாள். "ஒன்னைய மன்னிக்கிறதா வேணாமான்னு பெறகு பாத்துக்கிருவோம். அந்தத் தாளப் பத்திரமா வச்சுக்கிட்டு இங்கன உக்காரு."

பவானி உட்கார்ந்தாள். ஒரு தோள் அவள் தோளில் இடித்தது. திரிஷா.

மொக்கம்மாள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்களையே தூரத்து மலையில் இருப்பதுபோலப் பேர் பேராகக் கூவினாள். ஒவ்வொருத்தியும் பதில் கூவினாள். போன கோடைக்குப் பிறகு கூவாத தொண்டைகள் கரகரத்தன. அவளையும் சேர்த்துப் பதிமூன்று பேர். பிறகு, "பவானீ!"

"ஓ!" என்றாள்.

"மகாலட்சுமீ!"

மூடுபனிக்குள் அந்தப் பேர் போய்க்கொண்டே இருந்தது.

"செத்தவளக் கூப்பிட்டா எவ பதில் சொல்லுவா?" தங்கபாண்டி கத்தினார்.

"எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாள் மொக்கம்மாள். "பதில் வராம ரம்பம் ஓடாது."

மறுபடி கூவினாள். ஓடைக்கு அக்கரைச் சரிவில் வேறொரு முதலாளியின் தோட்டத்தில் சருகு உரித்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ, என்னவென்று தெரியாமலே பதில் கூவினார்கள். ஒரு குரல், பிறகு நாலைந்து. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து ரம்பச் சத்தமும் நின்றது. செடிகளை விலக்கிக்கொண்டு சிலர் ஓடைப் பக்கம் இறங்கி வருவது தெரிந்தது.

பவானி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஈரம் படாமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.