தாத்தா யார் பக்கம்?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். எங்கள் பாங் காலோங் நகராட்சியின் பொறியியல் பிரிவில் ஆமைக்கு மேசை, நாற்காலி, கணினி எல்லாம் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். பெற்றவர்கள் அவனுக்குச் செல்லமாக வைத்த பெயர் தாவ். ஆமை என்று பொருள். தாய்லாந்தில் எங்கள் பக்கத்தில் பன்றி, தவளை, நண்டு என்றெல்லாம் பெயர் இருக்கும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் வைத்த பெயருக்கு இத்தனை விசுவாசமாக வாழ்ந்த ஒருவனை என் சர்க்கார் உத்தியோகம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. என்னை உவான் என்பார்கள், குண்டன் என்று பொருள். நானும் விசுவாசிதான்.

கால்வாயின் குறுக்கே ஒரு நடைபாலம். அதற்கு வரைபடம் போட வேண்டியவன் ஆமை. செப்டம்பர் முடிவதற்குள் வரைபடம் மேலே போகாவிட்டால் பாலத்துக்கு ஒதுக்கிய பணம் பேங்காக்குக்கே திரும்பிப் போய்விடும். அவன் கணினித் திரையில் மாதக்கணக்காக ஒரே ஒரு கோடு கிடந்தது. காலையில் வந்ததும் நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்து, நலமாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம்.

"ஆமை, பாலம் எங்கப்பா?" என்று கேட்டால் அவனிடம் ஒரே பதில்.

"இதோண்ணே."

அந்த "இதோ"வை வைத்து மூன்று பாலம் கட்டியிருக்கலாம். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனைப்போல் ஓடியாடி உழைத்தவன் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். கணக்குப் பிரிவு சுபாப் அக்காவின் அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவான். கணினியில் வரைகிறவனுக்குப் பென்சில் எதற்கு? தினமும் ஒரு பெட்டி சீவுவான். அந்தத் தூளில் பக்கத்து வீட்டுக் கோழி வந்து அடைகாத்தது. நடுநடுவே கைப்பேசி. அது ஓய்ந்தால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை. படகில் ரூங்.

இந்த ரூங்கைத்தான் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அக்கரையில் அவளுக்கு வீடு. அவள் அம்மா ஜம்ராத் கால்வாயில் படகு விடுகிறவள். நாள் முழுக்க இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, அந்த அம்மாள் ரகசியம் சொன்னால் கோயில் மணி தானாக அதிரும். ஆமை பெண் கேட்டுப் போனபோது அவள் வைத்த நிபந்தனை இரு கரைக்கும் கேட்டது.

"மாப்பிள்ளை ஊர்வலம் பாலத்து மேல நடந்து வரணும். பாலம் உன் கையிலதானே இருக்கு? ஒரு பாலத்த முடிக்கத் தெரியாதவன் குடும்பத்த எங்க நடத்தப்போற? பாலம் இல்லியா, பொண்ணும் இல்ல. போ."

அப்போதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. பாலம் வந்தால் யார் படகு ஏறுவார்கள்? தன் பிழைப்பில் தானே மண்ணைப் போடும் நிபந்தனையை எந்தப் படகுக்காரியாவது வைப்பாளா? ஆமை முடிக்கவே மாட்டான் என்ற தைரியமா? யோசிக்க யோசிக்க எனக்குப் பசிதான் எடுத்தது.

செப்டம்பர் வந்தது. கோடு அப்படியே இருந்தது. ஒருநாள் காலை ஆமை முகமெல்லாம் ஒளியாக வந்தான்.

"அண்ணே, கவலை விட்டுச்சு. தாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

தாத்தா என்றால் எங்கள் அலுவலக முற்றத்தில் ஒற்றைக் கால் கம்பத்தின் மேல் குட்டி வீட்டில் குடியிருக்கும் காவல் தெய்வம். பெரிய கைராசிக்காரர். மாற்றல் உத்தரவு, லாட்டரி, மூல வியாதி எதுவானாலும் அவரிடம்தான் போவோம். கேட்டது நடந்தால் நேர்ந்துகொண்டதைத் தாமதமில்லாமல் செலுத்திவிட வேண்டும். அதில் மட்டும் தாத்தா கறார்.

"என்ன நேர்ந்துக்கிட்ட?"

"படம் முடிஞ்சா அண்டா நிறைய அவிச்ச முட்டை. கூடவே சிவப்பு சோடா."

"சரி, உக்காந்து வரை."

"நானா?" என்று அவன் நிஜமாகவே திகைத்தான். "ஒப்படைச்சாச்சேண்ணே. நடுவுல நான் கை வெச்சா தாத்தா மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடாதா?"

சுபாப் அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அவளும் அவனுக்காக, தாத்தா முன் நடனக்காரிகளை ஆட வைப்பதாக ரகசியமாக நேர்ந்துகொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. வாசல் காவலாளி ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் பிரிவுத் தலைவர் மானித் ஐயா தன் மீசையையே நேர்ந்துகொண்டிருந்தார். நானும் ஏதோ நேர்ந்துகொண்டேன். தாத்தாவின் வாசலில் முன்பணமாக வைத்த சிவப்பு சோடா பாட்டில்கள், உறிஞ்சு குழலோடு, ஒரு பட்டாளத்தையே நிறுத்தியதுபோல் நின்றன. முழு அலுவலகமும் நிம்மதியாகத் தூங்கியது. வேலை தாத்தாவிடம் இருந்தது.

ஒருநாள் நான் தாத்தாவுக்கு மாலை போடப் போனபோது ஜம்ராத் அங்கே மண்டியிட்டு, ஊதுவத்தியை நெற்றியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஊரையே எழுப்பும் குரல் அன்றைக்கென்று பார்த்து அடங்கிப்போயிருந்தது. எழுந்ததும் என்னைப் பார்த்தாள்.

"என்னடா குண்டா, ஒட்டுக் கேக்குறியா?"

"இல்லக்கா, மாலை போட வந்தேன். என்ன நேர்த்திக்கடன்?"

"பன்றித் தல. முழுசா, காதோட."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. "எதுக்குக்கா?"

"பாலத்தப் பத்தித்தான். என் படகு என் பிழைப்பு. நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்று சொல்லிவிட்டுப் படகைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அலுவலகத்துக்குள் ஓடினேன். நான் ஓடியதை அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்ததில்லை.

"போச்சு! ஜம்ராத் பாலம் வரக்கூடாதுன்னு பன்றித் தல நேர்ந்துக்கிட்டா!" என்றேன். அவள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஒரு தலை என்று சொன்னால் செய்தி எடுபடாது என்று வாசற்படி தாண்டும்போதே அதை இரண்டாக்கிவிட்டேன். மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாகியிருந்தது.

ஆமை கையிலிருந்த நீர்வாளியைக் கீழே வைத்தான்.

"மூணு தலையா?"

"காதோட."

"முட்டைய ரெட்டிப்பாக்கட்டுமா?"

சுபாப் அக்கா சிரித்தாள். "ஏம்ப்பா, நீ தாத்தாவா இருந்தா முட்டைக்கு வேலை செய்வியா, பன்றித் தலைக்கு வேலை செய்வியா?"

"ஆனா என்னோட நடனக்காரிங்க இருக்காங்களே?" என்றாள் அவளே. "தாத்தாவுக்குக் கண்ணு மங்கிப் பல வருஷமாச்சு" என்றார் காவலாளி. மானித் ஐயா மீசையைத் தடவிக்கொண்டே அறையிலிருந்து வந்தார். "என்ன கூட்டம்? முட்டையா, தலையா? எனக்கு ஒண்ணும் புரியல. படம் எங்க?"

"தாத்தாகிட்ட இருக்குங்க ஐயா."

"தாத்தா எங்க?"

"அந்தப் பக்கம் போயிட்டாருங்க."

மானித் ஐயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தாத்தாவின் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. அவர் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆமை நடுக்கூடத்தில் நின்றான். "அப்ப யாரு வரைவாங்க?" என்று கேட்டான்.

எல்லோருடைய கண்களும் மெதுவாக அந்த ஒற்றைக் கோட்டின் பக்கம் போயின. அவனுடைய கண்ணும் போயிற்று. தாத்தா இல்லை, நாங்கள் வரையத் தெரியாதவர்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளை அவன் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பதுபோல் விழித்தான்.

பிறகு என்னை ஓரமாக இழுத்துப்போனான். "அண்ணே, வரையத் தெரியாம இல்ல. நான் வரைஞ்சது நாளைக்கு இடிஞ்சு விழுந்துட்டா? அதுவும் ஜம்ராத் அத்தை நடந்து போறப்ப? முழுப் பாலத்தையும் நெனச்சா கை ஓட மாட்டேங்குது. அதான் பென்சில் சீவப் போயிடறேன்."

இத்தனை காலமும் நாங்கள் இவனைக் கேலி செய்தது ஒன்று, இவன் பயந்தது வேறொன்று. வாயில் வந்ததைச் சொன்னேன். "முழுப் பாலத்த எதுக்கு நெனக்கிற? ஒரு தூணை நெனைச்சுக்கோ. தூண் மேல அத்தை நடக்க முடியாது."

இது அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்போது பாலத்தில் எத்தனை தூண் என்றுகூடத் தெரியாது. ஆனால் அவன் உட்கார்ந்தான். மேசையைத் திருப்பி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டான். ஐந்து நிமிடத்தில் எழுந்தான். நாங்கள் எல்லோரும் "ஏய்!" என்றோம்.

"கைப்பேசிண்ணே. பையில கிடந்து கூப்பிடுது."

"என்கிட்ட குடு."

"உங்ககிட்ட இருந்தா வந்து கேட்டு வாங்கிக்குவேன். நீங்களும் குடுத்துருவீங்க."

நேராக முற்றத்துக்குப் போனான். கைப்பேசியைத் தாத்தாவின் குட்டி வீட்டுக்குள், சோடாவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கும்பிடு போட்டான். தெய்வத்தின் வீட்டுக்குள் கைவிட்டு எதையும் எடுக்கும் துணிச்சல் எங்கள் ஊரில் எவனுக்கும் கிடையாது. வைத்தவனுக்கே கிடையாது. பூட்டு, சாவி, கஜானா எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதன்பின் நடந்த கூத்தைக் கேளுங்கள். தாத்தாவின் வீட்டுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. படகிலிருந்து இறங்கியவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். இறால் விற்கும் அம்மாள் ஒருத்தி பாட்டு வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு லாட்டரிக்கு ஓடினாள். மறுநாள் வாசலில் கூட்டம் கால்வாய் வரை நின்றது. கரையே சற்று அமிழ்ந்துவிட்டது என்றால் நம்புங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்த ரூங்கே வந்துவிட்டாள்.

"உவான் மாமா, அவரு போன எடுக்கவே மாட்டேங்கறாரு. சாமியாராப் போயிட்டாரா?"

"இல்லம்மா, வேலை செய்யறான்."

அவள் முகம் வெளுத்தது. "மாமா, நிஜத்தச் சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி?"

நான் கதவிடுக்கு வழியாகக் காட்டினேன். ஆமை முதுகு வளைந்து, மூக்கு திரையைத் தொட உட்கார்ந்திருந்தான். ஒரு தூண் முடிந்தது. எழப் பார்த்தான், உட்கார்ந்தான். அடுத்த தூண். செடிகள் வாடின. சுபாப் அக்காவின் அச்சு இயந்திரம் தாளை விழுங்கியது. அவன் காதில் எதுவும் விழவில்லை. ஒருநாள் பாதித் தூண்களை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டான். நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். ரூங் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அவனைக் கூப்பிடாமல் போய்விட்டாள். படகு வழக்கத்தைவிட மெதுவாகப் போனதுபோல் எனக்குத் தோன்றியது.

செப்டம்பரின் கடைசி வேலைநாளில், அலுவலகம் மூடும் தறுவாயில் ஆமை வரைபடத்தைக் கொண்டுபோய் மானித் ஐயாவின் மேசையில் வைத்தான். ஐயா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கையெழுத்துப் போட்டார். மறுநாள் மீசையில்லாமல் வந்தவரைக் காவலாளி உள்ளே விடவில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறவர்களோடு வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்.

இப்போதுதான் பெரிய குழப்பம். தாத்தா ஜம்ராத் பக்கம் போனவர். படம் முடித்தது ஆமை. அப்படியென்றால் முட்டை செலுத்த வேண்டுமா, வேண்டாமா?

"செலுத்தணும். கேட்டது நடந்துச்சுல்ல?" என்றாள் சுபாப் அக்கா.

"வேலை செய்யாதவருக்குக் கூலியா?" என்றார் காவலாளி.

"அப்படிப் பாத்தா நம்ம ஆபீஸ்ல யாருக்கும் சம்பளம் வராது" என்றேன். அதோடு விவாதம் முடிந்து முட்டை அடுப்பில் ஏறியது.

முட்டை அண்டாவை நாங்கள் முற்றத்துக்குத் தூக்கி வந்தபோது, படகுத்துறையிலிருந்து ஜம்ராத் வந்தாள். தலைமேல் தட்டு. தட்டில் பன்றித் தலை. முழுசாக, காதோடு, வாயில் ஒரு சாமந்திப் பூ.

நான் அண்டாவை விட்டுவிட்டேன். நல்லவேளை, மறுபக்கம் பிடித்திருந்தவன் ஆமை. இப்போதெல்லாம் அவன் பிடித்ததை விடுவதில்லை.

"அக்கா, நீ தோத்துட்ட! தோத்தவ எதுக்கு நேர்த்திக்கடன் செலுத்துற?"

"நான் தோத்தேன்னு எந்த மடையன் சொன்னான்?"

"பாலம் வருதே!"

"வரட்டும். ஆமை கையில எடுத்தத முடிச்சான்ல?"

"அப்ப நீ என்னதான் வேண்டிக்கிட்ட?"

"அது எனக்கும் தாத்தாவுக்கும் உள்ளது. உனக்கு எதுக்குடா குண்டா? காது வேணும்னா சொல்லு, அறுத்துத் தரேன்."

ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஆமையின் பக்கம் திரும்பினாள். அவன் அண்டாவோடு நின்றான்.

"ஊர்வலம் எப்போ?"

"பாலம் கட்டி முடிச்சதும்தானே அத்தை..."

"கட்டப்போறவன் எந்த ஆமையோ! அதுவரைக்கும் என் பொண்ணு கிழவியாவா? என் படகுல வா."

ஆமை குட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான்.

"போன் அங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

கல்யாணத்தன்று நீள மத்தளம், வாழைக்கன்று, கரும்பு, ஆடுகிற பெண்கள் சகிதம் எல்லோரும் ஜம்ராத்தின் படகில் ஏறினோம். மத்தளக்காரனுக்கு மட்டும் இரண்டு ஆள் கட்டணம் வாங்கினாள். என்னைப் பார்த்து யோசித்துவிட்டு எனக்கும் வாங்கினாள். நடுக்கால்வாயில் பாலத்தின் முதல் தூண் தண்ணீருக்கு மேல் தலைநீட்டி நின்றது. ஜம்ராத் இயந்திரத்தைத் தணித்து, தூணைச் சுற்றிப் படகை ஓட்டினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏ மாப்பிள்ள, இது நேராத்தான் நிக்குதா?"

"இதோ அத்தை" என்றான் ஆமை. சொன்ன வாய் மூடுவதற்குள் பட்டு வேட்டியோடு எழுந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படகின் விளிம்பில் போய் நின்றுவிட்டான். படகு சாய்ந்து, பாதி ஊர்வலம் கால்வாயில் விழுந்தது. முதலில் விழுந்தது மத்தளம், அதன்மேல் நான்.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் நான் கேட்டது அவனைத்தான். "நேரா இருக்காடா?"

"இருக்குண்ணே!"

படகின் பின்பக்கத்திலிருந்து ஜம்ராத் சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.