ரவ்னா அசைந்த படங்கள்

சுவரில் பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் பனி, குட்டையான பிர்ச் மரங்கள், மேலே பச்சையாகத் துருவ ஒளி. எல்லாவற்றிலும் கீழே ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். அந்தத் தீற்றல் ரவ்னாதான்.

நகரத்துக் கண்காட்சிக்குப் படம் பொறுக்க வந்த சிந்த்ரேவுக்கு இது தெரியாது. காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னான்.

"பிரமாதம்மா! உங்க வீட்டுக்காரருக்கு என்ன கை! கீழ இருக்கற இந்தக் கறை மட்டும்தான் உறுத்துது. கவலப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷத்துல அழிச்சுடலாம்."

ரவ்னாவின் முகம் சுருங்கிவிட்டது. எழுபத்திரண்டு வயதில், இருபது வயதுப் பெண்ணைப் போல வெட்கப்பட வேண்டியிருந்தது.

"அழிக்கவே வேணாம் தம்பி. நல்ல படம் வேற இருக்கு. கெட்டுப்போனதத்தான் வீட்டுல மாட்டினாரு. ஒரு வாரம் டைம் குடு, தேடி எடுத்து வெக்கிறேன்."

நாற்பது வருடமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். செத்துப்போன புருஷனுக்கு இப்போதுதான் நாலு பேர் பார்க்கும்படி ஒரு பெயர் வரப்போகிறது. அதிலும் தன் தீற்றல் போய்க் குறுக்கே நிற்பதா?

அவள் புருஷன் தோர்லெய்ஃப் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் நடுக்குளிரில் சூரியன் தலைகாட்டாது. வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் வெளியே கும்மிருட்டு. வானம் மட்டும் தெளிவாக இருந்துவிட்டால் மனுஷருக்குத் தொண்டையில் ரொட்டி இறங்காது. ரவ்னாவையும் கேமராவையும் பழைய வேனில் போட்டுக்கொண்டு மேட்டு நிலத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"வானத்த மட்டும் எடுத்தா அது எவ்வளவு பெருசுன்னு எவனுக்குத் தெரியும்? நீ போய் அந்த மரத்துக்கிட்ட நில்லு" என்பார்.

நிற்பது என்ன லேசா? ரவ்னா வடகோடியில் பனிமான் மேய்க்கிற சாமி என்ற பழங்குடியில் பிறந்த பெண். அந்த வெளிச்சத்துக்குக் கீழே விசிலடிக்காதே, கை ஆட்டாதே, தலையை மூடிக்கொண்டு உன் பாட்டுக்கு நடந்துகொண்டே இரு, நின்றால் அது உன்னைப் பார்த்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே அவளை அம்மா வளர்த்திருந்தாள். கட்டிக்கொண்ட மனுஷரோ, முப்பது எண்ணி முடிக்கும்வரை அதற்கு நேர் கீழே ஆடாமல் அசையாமல் நில் என்றார்.

இருட்டில் கேமரா அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும்; அதற்குள் அசைகிற ஆள் படத்தில் வெறும் தீற்றலாகிவிடும். அவர் உரக்க எண்ணுவார். பத்து வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டில் கால் தானாக நகர்ந்துவிடும்.

"அசைஞ்சுட்டியா! மலை அசையல, மரம் அசையல, உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு?"

"மலைக்குக் கால் வெறைக்காதுய்யா!"

"நல்லா பேசு. சரி, போய் வண்டியில உக்காரு. நீ இல்லாம ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

அவள் ஓடிப்போய் வேனுக்குள் ஏறிக்கொள்வாள். பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி, தன் சனங்களின் வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளை அதில் போட்டு ஊறவைத்துக்கொண்டு, கண்ணாடியில் படிந்த உறைபனியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். லென்ஸில் ஆவி படியக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, குளிரில் ஃபிலிம் முறியக் கூடாது என்று அதை அங்குலம் அங்குலமாகச் சுற்றிக்கொண்டு, வெளியே அவர் முதுகு குனிந்தே நிற்கும். பாவி, இவரோட படத்தைக் கெடுத்துட்டேனே என்று தோன்றும்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. அந்தத் திட்டை இன்னும் ஒரே ஒரு தரம் கேட்க வாய்த்தால், முப்பது என்ன, முந்நூறு எண்ணும்வரைகூட நின்றிருப்பாள்.

ஆறு நாள் பரணைத் தலைகீழாகப் புரட்டினாள். ஏழாம் நாள் மத்தியானம், மீன் தூண்டில்களுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே பதினான்கு உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவ், தீப்பெட்டி அளவில் ஒரு படம். ஒன்றை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வானம், பனி, மரம். துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் மேல் பார்த்தாள். அவருடைய கோணல் கையெழுத்தில் இடம், தேதி. அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை. காலி.

அடுத்த உறையை எடுத்தாள். காலி. அதற்கடுத்ததும் காலி. பதினான்கிலும் அதேதான்.

நகரத்துக்கு அனுப்பிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தினமும் சாப்பிடும்போது பார்க்கிற மாதிரி அவர் மாட்டி வைத்தது கெட்டுப்போன படங்களை இல்லை. ரவ்னா பரண் தரையில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நடுவே சிரிப்பும் வந்தது.

"சண்டாளா, உயிரோட இருக்கறப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நாலு மணிக்குச் சிந்த்ரே வந்தான். மேஜைமேல் திறந்திருந்த டப்பாவில் மேலாக இருந்த படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, இதேதாம்மா! இந்த மாதிரிதான் வேணும்!"

ரவ்னா மூடியை அழுத்தி மூடினாள். "அதெல்லாம் காலி தம்பி. அவரே எழுதி வெச்சிருக்காரு."

"எது காலி? வானம் மொத்தமும் இருக்கேம்மா!"

"நான் இல்லையே."

எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தின் தீற்றல்மேல் விரலை வைத்தாள். "இது கறை இல்ல, நான். எடுத்துட்டுப் போறதுன்னா என்னோட சேத்து எடுத்துட்டுப் போ. இல்லேன்னா காபியக் குடிச்சுட்டுக் கிளம்பு."

சிந்த்ரே காது வரைக்கும் சிவந்துபோனான். சுவரோரமாகக் குனிந்து முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை மறுபடி பார்த்துக்கொண்டே போனான்.

"ஒரு தடவகூட ஒழுங்கா நிக்கலையாம்மா?"

"ஒரு தடவகூட."

அவன் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கத் தொடங்கினான்.

எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது மேட்டு நிலத்துக்கு மேலே பச்சை கிளம்பியிருந்தது. சிந்த்ரே தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மா, உங்கள ஒண்ணு எடுத்துக்கவா? இருபது செகண்டுதான். ஆனா அசையக் கூடாது."

ரவ்னா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு பிர்ச் மரத்தடியில் போய் நின்றாள். எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் தானே வாய்விட்டு எண்ணினாள். வெளிச்சம் தன்னைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. கால்கூட இன்று விறைக்கவில்லை. பன்னிரண்டு வந்ததும் வேண்டுமென்றே காலை மாற்றி வைத்தாள்.

"ஐயோ, அசைஞ்சுட்டீங்களேம்மா!"

"'ரவ்னா அசைஞ்சுட்டா'ன்னே எல்லாப் படத்துக்கும் கீழ எழுது தம்பி" என்றாள் அவள்.