ஐம்பத்தாறு கிலோ

வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மணிலா மண்டியின் எடைமேடையில் அபிநந்தன் வெறுங்காலோடு ஏறி நின்றான். பயிற்சிக்கூடத்து எடை மிஷின் பழுது. மூட்டை தூக்கும் இருசப்பன் முள்ளை எட்டிப் பார்த்தான்.

"கோணிய கழிச்சிட்டுச் சொல்லட்டா சார்?"

"சொல்லுப்பா."

"அம்பத்தஞ்சு எண்ணூறு. நம்ம மூட்டையே ஒங்கள விட ஜாஸ்தி."

கோச் கோதண்டராமன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "நல்லதாப் போச்சுடா!"

மூன்று வருடங்களாகப் பளுதூக்குதலில் அறுபத்திரண்டு கிலோ பிரிவில் அபிநந்தன் நாட்டிலேயே இரண்டாவது ஆள். அந்தப் பிரிவில் ஒருவரைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முதல் ஆளுக்குத் தோள் பிசகியபோது ஒரே ஒருமுறை இவன் போனான். ஐந்தாவதாக வந்தான். இப்போது ஐம்பத்தாறு கிலோ பிரிவில் ஆளில்லை. செவ்வாய்க்கிழமை தேர்வு. தேறினால் ஆசியப் போட்டி.

"அதுவரைக்கும் சோத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்காத," என்றார் கோச். அந்த ஆறு கிலோ எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. மனைவி ராஜமதி காய்ச்சலில் இறந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் சன்னதித் தெரு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமியார் த்ரிசலா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"பொழுதுக்குள்ள சாப்பிட்டுடலாம், வாங்க மாப்பிள்ளை."

சமண வழக்கப்படி, இருட்டினால் அவர் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார். மாப்பிள்ளை சாப்பிடாமல் தானும் சாப்பிடமாட்டார்.

அவன் மேற்கே பார்த்தான். "பொழுது போயிடுச்சே அத்தை."

"மலை மறைச்சா அது கணக்கில்ல. வானம் வெளிச்சமாத்தானே இருக்குது?" சோற்றைப் போட்டார். "பாதி ஆளா போயிட்டீங்க."

"இதுதான் சரியான எடைன்னு கோச் சொல்றாரு. இப்படியே இருந்தா வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களாம்."

கரண்டி நின்றது.

"எம்பொண்ணு இருக்கும்போது கெடைக்கலியா இது?"

"இல்ல அத்தை."

அவர் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினார். தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தெருவில் விளக்குப் போடத் தொடங்கினார்கள்.

அபிநந்தன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். ருசி தெரியவில்லை. மென்று விழுங்கினான். அவரும் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் முறை அவர் சோறு போட்டபோது அவன் கையைக் குறுக்கே நீட்டவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, நிலையத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோச்சுக்குப் பேசினான்.

"அறுபத்திரண்டுலயே இருந்துக்கறேன் சார்."

"கிறுக்கா ஒனக்கு? அதுல எடமே இல்லடா!"

"தெரியும் சார்."

"யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவ போனதால கெடைச்ச எடம் எனக்கு வேணாம் சார்."

கோச் வைத்துவிட்டார். அபிநந்தன் ரிசீவரை வைத்துவிட்டுக் காசு கொடுத்தான். பிறகு வெளியே ஆள் காத்திருப்பதைப் பார்த்து நகர்ந்தான்.