ஆற்றப்படாத உரைக்கு ஒரு நன்றியுரை

பல்கலைக்கழகத்துக்குள் வசந்தம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாட்காட்டி தேவையில்லை. நூலகத்துக்கு முன்னால் நிற்கும் மரங்கள் பூத்துக் கொட்டி, படிக்கப் போகிற நாலைந்து பேரையும் தும்ம வைத்துத் திருப்பி அனுப்பும். புல்வெளியில் நாடகக் குழுப் பிள்ளைகள் கத்திக்குத்துப் பட்டு விழுந்து, எழுந்து, சரியாக விழவில்லை என்று மறுபடியும் விழுவார்கள். அந்தப் பிணங்களைத் தாண்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உதடுகள் மட்டும் அசைய ஒருவர் நடந்து போவார். அவர் கலைத்துறையின் தற்காலிக விரிவுரையாளர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நன்றி சார்'.

வசந்தக் கலை வாரத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை அவர் தலையில்தான் விழும். வரவேற்புரைக்கு அடிதடியே நடக்கும். தலைமையுரைக்கென்றே டீன் பிறந்து வந்திருக்கிறார். வாழ்த்துரைக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போகலாம். நன்றியுரைக்கு மட்டும் யாரும் முன்வருவதில்லை. அந்த நேரத்தில் அரங்கில் பாதிப் பேர் பையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மேடையில் இருப்பவர்களோ தங்கள் பெயர் யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்க ஆளில்லை, குற்றம் கண்டுபிடிக்க ஆளுண்டு.

இவருக்கு முன்னால் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கூட்டத்தில் பதிவாளரை விட்டுவிட்டார். வேண்டுமென்று அல்ல. நடுவில் ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் பதிவாளரைத் தாண்டியிருந்தார். அந்தக் கோடையோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இப்போது ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி வாங்குகிறவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நன்றி சாரின் ஒப்பந்தமும் இந்தக் கோடையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாள் டீன் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. "கலை வாரம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் டீன். அந்தப் 'பார்க்கலாம்' அன்றிலிருந்து அவர் காதை விட்டுப் போகவில்லை.

டீன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "தாளைப் பார்த்துப் படிச்சா அது நன்றி இல்ல சார், ரசீது. நன்றி மனசுலேர்ந்து வரணும்."

மனசிலிருந்து வரவேண்டும் என்பதற்காக அவர் மனப்பாடம் செய்தார்.

கலை வாரத்தின் கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் ஒத்திகை. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துப் புரிந்துகொள்கிறவருக்குக் கணவரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அடியெடுத்துக் கொடுத்தார்.

"நூலகருக்கு முன்னாடி யாரையோ விட்டுட்டீங்க."

"யாரை?"

"உடற்கல்வி இயக்குநர். ஆமா, ஓவியத்தைப் பத்தின கூட்டத்துல அவருக்கு என்ன வேலை?"

"போன மாசம் விளையாட்டு விழாவுல டீன் போய் வாழ்த்தினார் இல்ல? இவர் வந்து பதிலுக்கு வாழ்த்தறார்."

"கைமாத்தா?"

"சிரிக்காதே. நடுவுல நிறுத்தினா எனக்கு மொத்தமும் போயிடும். மறுபடி முதல்லேர்ந்துதான் வரணும்."

முதலிலிருந்து வந்தார். பேச்சாளருக்கான பகுதிதான் முதலில். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு சட்டையைப் பாதி மடிப்பில் நிறுத்தினார்.

"அந்தம்மா நாளைக்குத்தானே பேசப்போறாங்க? என்ன பேசினாங்கன்னு இன்னிக்கே எப்படி உருகறீங்க?"

"சுருக்கம் அனுப்பியிருக்காங்க. அவங்க எழுதினது எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். இதைத்தான் பேசுவாங்க."

"வேற ஏதாவது பேசிட்டாங்கன்னா?"

"ஏம்மா பயமுறுத்தறே?"

"இல்லங்க, கேட்டேன். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாள் இப்படி நன்றி சொல்லியிருக்கீங்களா? அந்த நூலகருக்கு அப்புறமாவது?"

அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பதில் சொல்ல நின்றால் நூலகரை மறந்துபோவார்.

மறுநாள் பிற்பகல் அரங்கம் நிறைந்திருந்தது. வந்தால் வருகைப்பதிவு உண்டு என்று அறிவித்தபிறகு ஓவியத்தின் மேல் மாணவர்களுக்குத் திடீர்க் காதல் பிறந்திருந்தது. மேடையும் நிறைந்திருந்தது. நாற்காலிகள் இடித்துக்கொண்டு நின்றதால் பதிவாளர் காலை மடக்கும்போதெல்லாம் நூலகர் காலை மடக்க வேண்டியிருந்தது. நட்ட நடுவில், ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய பேச்சாளர் உட்கார்ந்திருந்தார். வயதான ஓவியர், வெட்டிவிட்ட நரைமுடி, விரல் நகங்களில் கழுவியும் போகாத நீலம். தலைப்பு, 'ஓவியத்தில் தொடாத இடம்'. காலையில் ரயில் நிலையத்தில் நன்றி சார் அவரை அழைக்கப் போனபோதே சொல்லிவிட்டார்: "சாயங்கால ரயிலுக்கு என்னை விட்டுடணும் தம்பி. அதை விட்டா நாளைக்குத்தான் அடுத்த ரயில்."

நிகழ்ச்சியைத் தொகுத்தவள் கலைச் சங்கச் செயலாளர். மூன்றாம் ஆண்டு மாணவி. கையில் பிடித்ததை விடமாட்டாள் என்பதால் அவளுக்கு 'மைக்' என்றே பெயர். ஆனால் அன்று மைக்கிடமிருந்தே மைக் போய்விட்டது.

துணைவேந்தர் வரவில்லை, அவர் வாழ்த்துச் செய்தி வந்தது. செய்தி ஒரே பத்தி. அதை வாசிக்க வந்தவர், அதைத் தாம் எவ்விதம் பெற்றுக்கொண்டார் என்பதை விளக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். அடுத்து டீனின் தலைமையுரை. டீன் சின்ன வயதில் ஒரு குதிரை வரைந்திருக்கிறார். அது கழுதையைப் போல இருந்ததாகவும், ஆசிரியர் அதைக் கழுதை என்று நினைத்தே பாராட்டியதாகவும் வரலாறு. அந்தக் குதிரையை அவர் ஏற்றாத மேடை கிடையாது. உடற்கல்வி இயக்குநர், கால்பந்திலும் கையால் தொடக்கூடாது என்பதைச் சுட்டிக்காட்டி, கலைக்கும் விளையாட்டுக்கும் இருக்கும் ஒற்றுமையை நிலைநாட்டினார். நூலகர், தொடாத இடம் என்றதும் தம் நூலகத்துப் புத்தகங்கள்தான் நினைவுக்கு வருவதாகச் சொல்லிக் குமுறினார். பதிவாளர், தாம் சுருக்கமாகப் பேசப்போவதாக மூன்று தடவை அறிவித்தார். மூன்றுக்கும் நடுவில் நிறையப் பேசினார்.

பேச்சாளர் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவருடைய முதல் படம் பிற்பகல் முழுக்க அங்கேயே நின்றது: ஒரு வெள்ளைத் தாள், அதன் ஓரத்தில் ஒரு கிண்ணம்.

மேடையின் கோடி நாற்காலியில் நன்றி சார் உட்கார்ந்திருந்தார். அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. பேச்சாளர், துணைவேந்தர், பதிவாளர், உடற்கல்வி, நூலகர், கடைசியில் தனிச் சிறப்புடன் டீன் என்று மண்டைக்குள் ரயில்பெட்டிபோல வரிசையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீன் கடைசியில்தான் வரவேண்டும், கைதட்டல் அங்கேதான் விழும்.

டீன் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நம் சிறப்பு விருந்தினர் ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நேரமின்மை காரணமாக அவருடைய அரிய உரையை வேறொரு சந்தர்ப்பத்தில் கேட்டு மகிழ்வோம். இப்போது நேராக நன்றியுரை."

அரங்கில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. பேச்சாளர் மட்டும் ஒரு கணம் டீனைப் பார்த்தார். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

நன்றி சார் எழுந்தார். முதல் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். பேசாத பேச்சை விட்டுவிட்டு நேராகத் துணைவேந்தரிடம் போய்விட வேண்டும். நடந்துபோகும்போதே துணைவேந்தர், துணைவேந்தர் என்று சொல்லிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

"இன்று நம்மிடையே ஆற்றிய உரையில்," என்றது வாய்.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. இப்போது நிறுத்தினால் பின்னால் வரும் துணைவேந்தரும் பதிவாளரும் டீனும் மொத்தமாகக் கவிழ்ந்துவிடுவார்கள். நிறுத்த அவருக்குத் தைரியம் இல்லை.

"அம்மையார் அந்தக் கிண்ணத்தைக் காட்டி நமக்கு உணர்த்தியது மறக்க முடியாதது. கிண்ணம் தாளின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. மிச்சமெல்லாம் வெள்ளை. அதை நாம் காலி என்கிறோம். அம்மையார் கேட்டார்கள்: அது காலி என்றால், ஏன் நம் கண் அங்கேயே போய் நிற்கிறது?"

கைப்பேசிக்குள் குனிந்திருந்த சில தலைகள் நிமிர்ந்து திரையைப் பார்த்தன. வெள்ளையில்தான் கண் நின்றது.

பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். "அந்தம்மா எப்படா பேசினாங்க?"

"நீ தூங்கிட்டே போல."

"நீ கேட்டியா?"

"நானும்தான் தூங்கிட்டேன்."

நன்றி சார் தொடர்ந்தார். அந்த ஓவியரின் எழுத்தை வாரக்கணக்கில் படித்தவர். மனப்பாடத்தில் இருந்ததற்கு மேலும் வந்தது. மைக் என்ற பெண் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாதி வரைந்த ஒரு முகம் வந்தது. மூடாத ஒரு கதவு வந்தது. "ஓவியர் தொடாமல் விட்ட அந்த இடம்தான் அமைதி," என்று முடித்துவிட்டு, மூச்சிழுத்து, துணைவேந்தருக்குத் தாவப்போனார்.

"இல்லை," என்றது ஒரு குரல்.

படிக்கட்டில் பாதி இறங்கியிருந்த பேச்சாளர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நான் பேசாத பேச்சை என்னைவிட நல்லாவே பேசிட்டீங்க. ஆனா கடைசியில ஒரு தப்பு. அமைதி கிமைதி ஒண்ணும் கிடையாது." அரங்கைப் பார்த்துத் திரும்பினார். "பயம். இன்னொரு கோடு போட்டா இதுவரைக்கும் போட்டதும் கெட்டுப்போயிடுமோங்கிற பயம். நாப்பது வருஷமா தூரிகையைத் தூக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த பயம் வருது. அதுதான் என் கையைப் பிடிச்சு நிறுத்துது. அந்த பயம் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? தாள் தீர்ற வரைக்கும் பூசிக்கிட்டே இருப்பாங்க." மேடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். "இங்க யாருக்கும் அது இருக்கிற மாதிரி தெரியல. சரி, நான் வரேன்."

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி முன்னால் வந்தது. உடற்கல்வி இயக்குநர் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார்.

"மேடம், என் ஸ்கூட்டர் வாசல்லயே இருக்கு. அஞ்சே நிமிஷம்!" என்று மைக் ஓடினாள். பேச்சாளரும் அவள் பின்னால் ஓடினார். அவரைப் பார்க்க அரங்கமே கைதட்டிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போயிற்று. ஒரு நிமிடத்தில் நாற்காலிகளும், மேடையில் நன்றிக்காகக் காத்திருந்த பெரியவர்களும்தான் மிச்சம்.

நன்றி சார் துணைவேந்தரின் பெயரை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார். சொல்ல யாரும் இல்லை. டீன் அவரைப் பார்த்தார். கூட்டத்தில் யாரும் குதிரையை ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. மேடையை விட்டு இறங்கிப் போனார்.

"கடைசியில யாருக்குத்தான் நன்றி சொன்னீங்க?" என்று அன்று ராத்திரி வீட்டில் மனைவி கேட்டார்.

"யாருக்கும் இல்ல."

மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டு, "என் கடைக்குப் பக்கத்துல கார் விக்கிற இடம் ஒண்ணு இருக்கு, தெரியும் இல்ல?" என்றார். கணவர் சிரிக்கவில்லை என்றதும் சாதத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன்பின் வந்த நாட்களில் அவர் டீன் அறை இருக்கும் தாழ்வாரத்தைத் தவிர்த்து, புல்வெளியைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார். கலை வாரம் முடிந்திருந்தது. செத்து விழ யாரும் இல்லை. தான்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டார்.

அழைப்பு வந்தது.

டீன் உட்காரச் சொல்லவில்லை. "துணைவேந்தர் போன் பண்ணினார்" என்றார். "மாணவர் செய்தி இணையதளத்துல கூட்டத்தைப் பத்திப் படிச்சாராம். இப்படி ஒரு செறிவான உரையை ஏற்பாடு பண்ணினதுக்கு என்னைப் பாராட்டினார்."

"நல்லது சார்."

"அந்த உரை நடக்கவே இல்லன்னு அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"சரி சார்."

"ஆனா ஒண்ணு." டீன் புதுப்பிக்கும் தாளை எடுத்து முன்னால் வைத்தார். பேனாவையும் எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை. "எனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை வரலையே, சார்."

"கூட்டம் கலைஞ்சிடுச்சு சார். கடைசியில தனிச் சிறப்போட உங்களுக்கு வெச்சிருந்தேன். மனப்பாடமா இருக்கு."

"இன்னமும் இருக்கா?"

"இருக்கு சார்."

டீன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லுங்க."

அவர் சொன்னார். வராத துணைவேந்தருக்கு, பதிவாளருக்கு, உடற்கல்விக்கு, நூலகருக்கு, ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கு என்று ஒருவர் விடாமல் அந்தச் சின்ன அறையில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர், ஏதோ இரங்கல் கூட்டம் என்று எண்ணித் தட்டோடு தலைகுனிந்து நின்றார். கடைசியில் தனிச் சிறப்புடன் டீன் வந்தார், குதிரையோடு. நாற்காலியில் இருந்த டீன் தமக்குத்தாமே தலையை ஆட்டினார். கண்ணைத் திறந்தார், மூடியைக் கழற்றினார், கையெழுத்துப் போட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் டீன், தாளை நீட்டிக்கொண்டே. "கொஞ்சம் நீளம்."

நன்றி சார் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கதவு மூடியது. நாலடி நடந்திருப்பார், சட்டென்று நின்றார். கையெழுத்துக்கு நன்றி சொல்லவில்லை.

திரும்பிக் கதவண்டை வந்தார். விரலை மடக்கி, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். உள்ளே டீன் உறிஞ்சித் தேநீர் குடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு நன்றி. அதைக் கேட்டுவிட்டு டீன் பழையபடி யோசிக்க ஆரம்பித்தால்? 'பார்க்கலாம்' என்றால்?

கை காற்றில் நின்றது. கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் அதை மெதுவாக இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டு, மனைவிக்குப் போன் செய்யக் கைப்பேசியைத் தேடிக்கொண்டே, சத்தம் வராமல் தாழ்வாரத்தைக் கடந்தார்.