புளி போட்டுத் துலக்கிய பவளம்

கம்பி மறுபடியும் நழுவியது. மொச்சைக்கொட்டை அளவுப் பவளம் துள்ளி மடியில் விழுந்தது. தாமரைச்செல்வி இரண்டு கையாலும் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு கல்லைத் துழாவி எடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"கல்லு கடிக்காதுக்கா. எதுக்கு இப்புடி நடுங்குறீங்க?" என்றாள் பக்கத்து மேசையில் இருந்த ஆர்த்திகா.

"ஒனக்கென்ன தாயி, ஒன் வெரலு வெண்டிக்காப் பிஞ்சாட்டம் இருக்கு. எனக்கு முளக்குச்சியால்ல இருக்கு. கம்பிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்."

ஆர்த்திகா சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து கம்பி முறுக்கும் குறட்டை வாங்கினாள். வயதில் இவளுக்குப் பாதிதான் இருப்பாள். ஆனால் அந்த மாடியில் புதுசாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுப்பவள் அவள்தான். செம்புக் கம்பியைக் கல்லின் இடுப்பில் சுற்றி, உச்சியில் முறுக்கி, கயிறு கோக்க ஒரு வளையம் விட்டு, மிச்சத்தை நறுக்கினாள். நறுக்கிய முனையைக் குறட்டால் அழுத்தி உள்ளே மடக்கினாள்.

"முனை நீட்டிக்கிட்டு இருந்தா போடுற பிள்ளை கழுத்தக் கீறிரும். இறுக்கணும், ஆனா நெரிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்க்கா வேலை."

அங்கே கட்டுவதெல்லாம் செவ்வாய் தோஷப் பவளம். ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்து கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற பெண்பிள்ளைகளுக்குச் சோதிடர்கள் சொல்லி அனுப்புவது. ஓட்டை போட்ட கல்லுக்குப் பலன் கிடையாதாம். கல் மேனியில் படவும் வேண்டுமாம். அதனால்தான் துளை போடாமல் கம்பியால் சுற்றிக் கட்டுகிறார்கள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி. 'தேனி, தேனி, கம்பம்' என்று கீழே தொண்டை கிழியக் கத்துகிற சத்தம் நாள் முழுக்க ஏறி வந்துகொண்டிருக்கும்.

தாமரைச்செல்விக்கு இத்தனை காலம் சோறு போட்டது ஒரு கல்யாண மண்டபம். அண்டா, தவலை, குத்துவிளக்கு, செம்புக்குடம் என்று துலக்கியே கை காய்த்துப்போனவள். கேட்டரிங்காரர்கள் சொந்த ஆட்களோடு வந்து இறங்க ஆரம்பித்ததும், மண்டபத்தில் 'சொல்லி அனுப்புறோம்மா' என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. வீட்டுக்காரன் விருமாண்டி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனபின் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு ஈரக்குலை நடுங்கும். விளாங்குடியில் வாடகை வீடு, காலேஜில் ஒரு மகள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுத்து எந்தப் படியில் போய் ஏறுவது?

பழகுகிற ஒரு மாசத்துக்குச் சம்பளம் இல்லை என்பது பேச்சு. 'பஸ்ஸு காசு?' என்று தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, 'பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸுதான் ஃப்ரீயாச்சேம்மா' என்று சிரித்தார் முதலாளி சிவக்குமார். அந்த மாசம் இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதா, 'சொல்லி அனுப்புறோம்' என்பதா என்று சாயங்காலம் தெரிந்துவிடும்.

கத்துகிற ஆள் என்றால் தாமரைச்செல்விக்குப் பயமே இல்லை. மண்டபத்து மேனேஜர் வாயைத் திறந்தால் காது கூசும். இவள் பாட்டுக்குத் துலக்கிக்கொண்டிருப்பாள். சிவக்குமார் அப்படி இல்லை. குரலே உயராது. வந்த அன்றைக்கே ஒரு கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, "ஒரிஜினல் பவளம்மா. ஒண்ணு ஒடஞ்சா ஒங்களால தாங்க முடியாது" என்று தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரிப் பேசினார். அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான்.

மதியம் அவர் வந்து, கட்டி முடித்த பவளங்கள் இருந்த தட்டை எடுத்துப் பார்த்தார். எல்லோர் வரிசையும் பளபளத்தது. தாமரைச்செல்வியின் வரிசையில் மட்டும் கம்பி கருத்துக் கிடந்தது. பயந்தால் அவளுக்கு உள்ளங்கை ஊற்றாக வேர்க்கும். அந்த வேர்வை பட்டுப் பட்டுச் செம்பு மங்கிப்போயிருந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"கை வேர்க்குதுண்ணே..."

"சாயந்தரம் அழகர்கோவில் ரோட்டுலருந்து கடைக்காரர் வாராரு. அதுக்குள்ள சரி பண்ணுங்க. அப்புறம் நம்ம ஒக்காந்து பேசுவோம்."

அவர் சாப்பிடப் போனார். ஆர்த்திகா மெருகுத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனாள். அங்கே கம்பி கட்டுகிற மற்ற இரண்டு பெண்களும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். தாமரைச்செல்வி துணியை வைத்துத் தேய்த்தாள். கம்பியின் மேல்பக்கம் கொஞ்சம் வெளுத்தது. சுற்றுகளுக்கு இடையே கருப்பு அப்படியே நின்றது. இந்தக் கதியில் தேய்த்தால் விடிந்துவிடும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அட, இது செம்புதானே! செம்பைத் துலக்க நமக்கா தெரியாது? மண்டபத்தில் பச்சை பிடித்த குடத்தையெல்லாம் நேற்று வாங்கியது மாதிரி ஆக்கியவள் அல்லவா? படியில் தடதடவென்று இறங்கி, முக்குக் கடையில் ஒரு பொட்டலம் புளி வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கரைத்து, தன் பவளம் ஒன்றை முக்கி எடுத்து விரலால் தேய்த்தாள். கம்பி குப்பென்று ஒளி விட்டது. "ஆத்தாடி!" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு மாசமாக அந்த மாடியில் அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

தன்னுடையதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. எல்லோருடையதையும் சேர்த்துத் துலக்கி வைத்தால், வந்து பார்க்கிற முதலாளி வாயடைத்துப் போவார், நாளைக்கு வா என்று தானாகச் சொல்வார் என்று தோன்றியது. தட்டை அப்படியே கிண்ணத்தில் கவிழ்த்து, நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்தாள். அன்றைக்குத்தான் சோறு தொண்டைக்குள் இறங்கியது.

கை கழுவி வந்து கிண்ணத்துக்குள் விரலை விட்டாள். தண்ணீர் ஒரு மாதிரிச் செக்கச்செவேலென்று இருந்தது. புளி இப்படிச் சிவக்காதே? ஒரு பவளத்தை எடுத்தாள். கம்பி மணப்பெண் மாதிரி மின்னியது. கல் பாதி வெளுத்து, தோல் உரிந்த பாதத்தைப்போலத் திட்டுத்திட்டாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அத்தனையும் அப்படித்தான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கல் உடைந்தாலே தாங்க முடியாது என்றாரே. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடி எங்கே போவது? ஆதார் கார்டு நகல் அவரிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நின்றால்? படுத்துக் கிடக்கிற மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது? எடுத்த கற்களைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தலைப்பில் சிவப்பு ஏறியதே தவிர, கல்லுக்கு நிறம் திரும்பவில்லை.

"ஐயையோ, ரத்தமாக்கா? கைய அறுத்துக்கிட்டீங்களா?" அட்டைப்பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள் ஆர்த்திகா.

தாமரைச்செல்வி கிண்ணத்தைக் காட்டினாள். ஆர்த்திகா ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"நெசப் பவளம் சாயம் விடாதுக்கா" என்றாள் மெதுவாக.

"அப்ப இது..?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் ஒண்ணும் பாக்கல. தண்ணி செவந்துச்சுன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. எனக்கு இந்த வேலை வேணும்க்கா."

"பொம்பளப் பிள்ளைக கல்யாணத்துக்குன்னு வாங்கிட்டுப் போறாகளேடி!"

"தண்ணியக் கொட்டுங்க மொதல்ல."

கிண்ணத்தைத் தூக்குவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆர்த்திகா தன் மேசைக்குப் போய்க் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சிவக்குமார் உள்ளே வந்து நின்றார். மேசையைப் பார்த்தார், புளிச்சக்கையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தாமரைச்செல்விக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இது அம்புட்டும் ஒரிஜினல் பவளம். தெரியும்லம்மா?"

"தெரியும்ணே."

"புளியில போட்டிருக்கீங்க."

"மண்டபத்துல செம்ப அப்புடித்தாண்ணே தொலக்குவோம். பளிச்சுன்னு ஆயிரும்னு..."

"செம்பு பளிச்சுன்னுதாம்மா இருக்கு." ஒரு கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "கல்லு?"

அவள் கல்லையே பார்த்தாள். கேட்டுவிட வேண்டியதுதானே, நெசப் பவளம் சாயம் விடுமா என்று? ஒரே ஒரு கேள்வி.

"தண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"தண்ணிக்கு என்ன?"

ஆர்த்திகாவின் குறட்டுச் சத்தம் நின்றது. சிவக்குமாரின் கண் இவளைவிட்டு அசையவில்லை. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. விருமாண்டி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது இவள் நினைவில் வந்து போனது.

"தண்ணி... புளித் தண்ணிண்ணே. பழைய புளி. அதான் செவப்பா இருக்கு. எல்லாம் என் தப்புதாண்ணே."

சிவக்குமார் கிண்ணத்தை அவரே எடுத்துப் போய், கற்களை ஒரு தட்டில் வடித்துவிட்டுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். தொட்டி வெளுக்கிறவரை குழாயைத் திறந்துவிட்டார்.

"ஆமா. பழைய புளிதான்" என்றார்.

கடைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, இங்க காலையிலருந்து கரண்டு இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வாங்களேன்" என்று சொன்னார். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் ஒங்கள நிறுத்தப் போறதில்லம்மா" என்றார் போனை வைத்துவிட்டு. "கஷ்டப்படுற குடும்பம், எனக்குத் தெரியும். ஆனா கல்லுக்கு நான் எங்க போவேன்? இன்னும் பழகுறதாவே நெனச்சுக்கங்க. இம்புட்டுக் கல்லுக்கும் ஈடாகுற வரைக்கும் வாங்க. அதுக்கப்புறம் சம்பளத்தப் பத்திப் பேசுவோம். சரியா?"

"எப்பண்ணே ஈடாகும்?"

"நான் சொல்றேன்மா."

அவள் தலையாட்டினாள். விரட்டாமல் விட்டாரே என்று கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள். படியிறங்கும்போதுதான் கும்பிட்டது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. வீட்டில் விருமாண்டி 'வேலை என்னாச்சு?' என்று கேட்டதற்கு, 'கெடச்சிருச்சு' என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் சிவக்குமார் அவளைப் பின்கட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். கேஸ் அடுப்பில் ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. பக்கத்தில் சிவப்புத் தூள் டப்பா. வெளுத்த கற்கள் தட்டில் காத்துக் கிடந்தன. கம்பியை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"கொதிக்க விடாதீங்க. வெதுவெதுன்னு இருக்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமக் கிண்டி விடணும்" என்றார், சாம்பார் வைக்கச் சொல்கிற மாதிரி. ஒளிக்கவே இல்லை. இனி இவளிடம் ஒளிக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாமரைச்செல்வி கல்லைப் போட்டாள், கிண்டினாள், எடுத்தாள். கரண்டிக்கு வராததைக் கையால் அள்ளினாள். வெளியே எடுத்துத் துடைத்தால் ஒவ்வொன்றும் நேற்றைக்கு அவளைப் பயமுறுத்திய அதே நிறத்தில் இருந்தது. காய்ந்ததில் ஒன்றை ஆர்த்திகா வாங்கிக் கம்பி சுற்றினாள். இவள் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியத்துக்கு முன்னால் டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேர் கனகலட்சுமி என்றும், மகளுக்கு மூன்று இடம் தட்டிப்போனது என்றும், வந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செல்வி, புதுசாக் கட்டினதுல நல்ல பவளமா ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார் சிவக்குமார்.

ஆர்த்திகா கட்டி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனாள் தாமரைச்செல்வி. கனகலட்சுமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவப்புக் கயிற்றில் கோத்தாள். பிறகு தாமரைச்செல்வியை ஏற இறங்கப் பார்த்து, அவள் கழுத்தில் கிடந்த தாலிக்கயிற்றைப் பார்த்து, முகம் மலர்ந்தாள்.

"சோசியரு சொல்லித்தான் விட்டாரு, ஒரு சுமங்கலி கையால கட்டிக்கணும்னு. நீங்களே கட்டி விடுங்க தாயி. நல்ல கல்லுதான?"

சிவக்குமார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கல்லுதாம்மா" என்றாள் தாமரைச்செல்வி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கயிற்றை வாங்க நீட்டிய கையைக் கனகலட்சுமி பிடித்துக்கொண்டாள். நகக்கண் முதல் உள்ளங்கை வரை சிவந்து கிடந்த அந்த விரல்களைத் திருப்பிப் பார்த்து, "மருதாணி வச்சீகளா? எம்புட்டு அழகாப் பத்தியிருக்கு! பாருடி, இந்தக் கையால கட்டினா வர்ற தையிக்குள்ள நடந்துரும்" என்றாள்.

பெண் எழுந்து வந்து முதுகைக் காட்டி நின்று, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பவுடர் பூசிய பிடரி வெள்ளையாகத் தெரிந்தது. தாமரைச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோலில் விரல் படாமல், கயிற்றின் நுனிகளை மட்டும் பிடித்து முடிச்சுப் போட்டாள்.