சக்கரத்தடி எலுமிச்சை

ஜெயிக்கிற ரோபோவுக்குச் சென்னைப் போட்டி. தோற்கிற ரோபோவுக்கு, அதாவது அதைச் செய்தவருக்கு, வடையும் காபியும். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிற இசைப்பிரியாவுக்கு வடை மேல் துளியும் நாட்டமில்லை. இதை விட்டால் இன்னொரு வருஷம் அவளுக்குக் கிடையாது.

நெய்வேலியில், அவர்கள் பிளாக்கின் சமூகக் கூடத்தில் ரோபோ கால்பந்து. மஞ்சள் பந்தை நடுவில் வைத்தாயிற்று. விசில் ஊதப்போகிற நேரம், சுரங்கத்தில் வேலை பார்க்கிற அவள் அப்பா பன்னீர்செல்வம் குனிந்து ரோபோவின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"அப்பா, இது லாரி இல்லப்பா!"

"மைன்ஸ்ல பழம் நசுக்காம எந்த மெஷின் புதுசா கிளம்பியிருக்கு? நீ சும்மா இரு."

லாரி நசுக்கும். டிபன் கேரியர் கனம்கூட இல்லாத ரோபோ எதை நசுக்கும்? பழங்கள் வழுக்கி உருண்டன. மஞ்சளாய், உருண்டையாய் எது தெரிந்தாலும் விடாதே என்று கேமராவுக்குச் சொல்லிவைத்தவள் அவள்தான். அது விடவில்லை. பந்தை அம்போவென்று விட்டுவிட்டுப் பழத்தைத் துரத்தியது. அந்தச் சந்தில் எதிராளி ஜெரால்டின் ரோபோ கோல் போட்டது.

"என்ன இசை, உங்காளு ஜூஸ் போடக் கிளம்பிட்டாரா?" என்றான் ஜெரால்டு.

கோல் போட்ட கையோடு அவன் ரோபோவும் ஒரு பழத்தின் பக்கம் மூஞ்சியைத் திருப்பியது. அதைக் கவனித்தவள் இசைப்பிரியா மட்டும்தான்.

இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள்: கிட்டே இருந்தும் சின்னதாய்த் தெரிந்தால் அது பந்து இல்லை. பிறகு குழைந்தாள்.

"அப்பா, பழம் பத்தலப்பா. இன்னும் இருக்கா?"

அவர் பையையே களத்தில் கவிழ்த்தார்.

இரண்டாம் பாதியில் ஜெரால்டின் ரோபோ எந்தப் பழத்தை எடுப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. இசைப்பிரியாவின் ரோபோ நேரே பந்துக்குப் போனது. ஒரு கோல். பின்னாலேயே இன்னொன்று.

"சார், பழத்தை எடுக்கச் சொல்லுங்க!"

நடுவர் வைத்திலிங்கம் மைன்ஸிலேயே ரிட்டயர் ஆனவர். "பூஜைப் பழத்தையா? அந்தப் பாவம் யாருக்குடா?"

"நான் கிறிஸ்டியன் சார்!"

"அப்ப பாவம்னா என்னன்னு உனக்கே நல்லா தெரிஞ்சிருக்கணும். ஆடு!"

ஆட்டம் முடிந்ததும் ஜெரால்டு அவளிடம் வந்தான். "ஜெயிச்சிட்ட, ஒத்துக்கறேன். இடைவேளைல என்னமோ சேர்த்தியே, அதை மட்டும் காட்டேன்."

"காட்டறேன். சென்னைக்கு உன் கேமராவைக் கொடு."

"கேமராவா? விளையாடறியா?"

"சரி, பேட்டரியாவது கொடு."

தப்பித்தோம் என்று உடனே கழற்றிக் கொடுத்தான். அவளுக்கு வேண்டியிருந்தது பேட்டரிதான்.