நிறையாத டிரம்

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு பூமாரி ஓடினாள். ஒன்பது வயசு. பிடிக்கப் போன பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளின் கையில் பல் பதிந்தது.

"சனியன்! இழவு வீட்லயுமாட்டி இந்த ஆட்டம்? இவள யாரு இங்க விட்டது?"

செல்லப்பாண்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தோல் பதனிடும் கிடங்கில் ஈரத்தோல் சுமந்து திண்ணென்று காய்த்துப்போன தோள், இன்று சும்மா இருக்கமாட்டாமல் தினவெடுத்தது. உள்ளே அவன் மனைவி பேராச்சி கிடந்தாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆயா, பதினோரு வருஷம். தெருக்குழாய் பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் நீர்மாலைக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து அவளைக் குளிப்பாட்டியாக வேண்டும். குடம் சுமக்க மகனோ மகளோ அவர்களுக்கு இல்லை.

பூமாரியின் வகுப்பு வாத்தியார் சுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அருகில் வந்தார்.

"மூணு நாளா வகுப்பே நடக்கலைங்க. சிலேட்ட எறியறா, கடிக்கிறா. திங்கக்கிழமை இவ பேரை எடுத்துரச் சொல்லிட்டார் ஹெட்மாஸ்டர். ஆயா இருந்தா ஒக்காந்திருப்பா."

"தண்ணி சுமக்க வச்சுல்லா ஒக்கார வச்சா! ஊரான் பிள்ளைய வேலை வாங்காதட்டின்னு நானே ஏசியிருக்கேன்" என்றான் செல்லப்பாண்டி.

"வேலையா? பள்ளிக்கூடத்து டிரம்மு எப்பவும் நெறஞ்சுதாங்க இருக்கும். இவளுக்குக் கால் துடிக்க ஆரம்பிச்சதும், ஆயா ஓடிப்போய்ப் பாதியைக் கக்கூஸ்ல ஊத்திட்டு வந்து, 'தண்ணி இல்ல, பூமாரி'ம்பாங்க. நாலு குடம் தூக்கினா அப்புறம் ஒரு மணி நேரம் எழுதுவா. எனக்கு நாப்பத்தெட்டுப் பிள்ளைங்க. நான் எங்க போய் டிரம்மக் கவுக்கறது?"

ஏசிய அன்று பேராச்சி சிரித்தாள். அவன்தான் சாப்பிடாமல் படுத்தான்.

செல்லப்பாண்டி எழுந்து, திருநீறு பூசி வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்தான்.

"பூமாரி, இங்க வாட்டி. தண்ணி இல்ல."

சந்துமுனையில் நின்றவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

"அண்ணாச்சி, அவ என்ன சொந்தமா பந்தமா? அதுவும் இந்தக் குட்டியவா?" முப்பிடாதியம்மாள் கையைத் தேய்த்தாள்.

"அவளே எடுக்கட்டும்."

நாலு பேர் வேட்டியை விரித்துத் தலைக்குமேல் பிடித்துவர, நிறைகுடத்தோடு பூமாரி சந்துக்குள் நடந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாக்கடைப் பலகையில் பார்த்துக் கால் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொட்டுக்காரன்கூட அவள் நடைக்குத் தக்கபடி அடியைத் தணித்துக்கொண்டான்.

குளிப்பாட்டி முடிந்தது. காலிக் குடத்தோடு வாசலில் நின்றவளின் பெருவிரல் மண்ணைக் கிளறத் தொடங்கியது. கண் மறுபடியும் பாடைக் கயிற்றுக்குப் போயிற்று.

"வாய்க்கரிசி போட வாங்க, அண்ணாச்சி!"

நகர முடியாமல் செல்லப்பாண்டி வாத்தியாரைப் பார்த்தான். விடியுமுன் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர், நடையோரம் அண்டா நிறைய இருந்தது. வாத்தியாரும் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

உள்ளே போய்க் குனிந்து செல்லப்பாண்டி அரிசியை அள்ளினான். வெளியே சாக்கடையில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.